மன்னர்களின் நிலவு

கமர் என்றால் நிலவு. கமருல் முலூக் என்றால் மன்னர்களின் நிலவு. ஈரான் நாட்டின் இசை வானில் அப்படி உலவியவரே கமருல் முலூக் வஜீரி அம்மையார். இயற்பியல் மாணவிக்கு இசையில் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். ஒலியியல் பாடத்துக்காக இசைத்தட்டைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான் இவரைக் கண்டேன். பாடம் பாதியில் நின்றது. இவர் கதையை விட முடியவில்லை.

1905-இல் பிறந்த கமர் தந்தை முகம் அறியார். தாயும் மழலைப் பருவத்திலேயே மறைந்தார். வளர்த்தவர் பாட்டி. பெண்கள் கூடும் துக்க அவைகளில் கர்பலா தியாகிகளின் துயரை இசையோடு ஓதுவது அந்தப் பாட்டியின் தொழில். கைபிடித்து உடன் போன பேத்திக்கு அதுவே முதற்பள்ளி. எங்கள் ஊரிலும் ஒப்பாரிக்கு என் அப்பாயியைத் தேடி ஆள் வரும். அதைச் சங்கீதம் என்று எவரும் சொன்னதில்லை.

பின்னர் 'தார்' என்னும் நரம்புக் கருவியில் வல்லவரான மோர்தசா நெய்தாவூத் குருவாக வாய்த்தார். 1924-இல் தெஹரானின் கிராண்ட் ஹோட்டலில் ஆடவர் நிறைந்த அவையில், முக்காடின்றி நின்று பாடினார் கமர். எண்ணிப் பாருங்கள் தோழியரே! அரசே முக்காட்டை விலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது 1936-இல்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, எவரும் சொல்லாமல், தாமே அதைச் செய்தார். இனி அப்படிப் பாடுவதில்லை என்று எழுதித் தரும்படி காவல்துறை கேட்டது. அவர் பாட்டு நிற்கவில்லை. சென்ற ஆண்டு விழாவில் பாட நானும் பெயர் கொடுத்திருந்தேன். ஊர் என்ன சொல்லும் என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பே போய்விடுமோ என்று பெயரைத் திரும்பப் பெற்றேன். இவ்வாண்டு என்ன செய்யப் போகிறேன் என்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பாட்டு அடங்கும். நம் ஆலாபனைபோல் மெல்ல மெல்ல விரியும் பாரசீக இசையை அதற்குள் அடக்குவது, குடத்துக்குள் ஆற்றை அடைப்பது போன்றது. கமர் அடக்கிக் காட்டினார். மேடைக்கு வர இயலாத பெண்களின் வீட்டுக்குள்ளும் அத்தட்டுகள் நுழைந்தன.

1933-இல் வந்த முதல் பாரசீகப் பேசும்படமான 'லோர் பெண்' எங்கே உருவானது தெரியுமா? பம்பாயில்! 1931-இல் நம் 'காளிதா'ஸைத் தயாரித்த அதே இம்பீரியல் கம்பெனியில்.

ஈட்டியதையெல்லாம் ஏழை எளியோர்க்கும் அநாதைகளுக்கும் வாரி வழங்கிய கமர், 1959-இல் கையில் காசின்றி மறைந்தார்.

1979 புரட்சிக்குப் பின் ஆடவர் அமர்ந்த அவையில் பெண் தனித்துப் பாடத் தடை வந்தது. அதையே கருவாக்கி ஷிரின் நெஷாத் என்னும் ஈரானியக் கலைஞர் 1998-இல் ஒரு குறும்படைப்பு எடுத்தார். எதிரெதிரே இரு திரைகள். ஒன்றில் நிறைந்த அவைக்கு முன் ஓர் ஆடவர் பாடுகிறார். மற்றதில் காலி நாற்காலிகளுக்கு முன் ஒரு பெண், சொற்களே இல்லாமல் குரலெழுப்புகிறார். 1999-இல் வெனிஸ் கலைவிழா அதற்குப் பரிசளித்தது.

2024 டிசம்பரில் பரஸ்து அகமதி என்ற பாடகி, பழைய வணிகச் சத்திரம் ஒன்றில் முக்காடின்றிப் பாடி, அதை இணையத்தில் உலகறியச் செய்தார். பிடித்துச் சென்று பின்னர் விடுவித்தனர். கமர் மேடையேறி அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.