கலாம் செய்த காலிபர்

ராமேசுவரத்தில் தோணி வைத்திருந்த ஜைனுலாபுதீன் மரைக்காயரின் குமாரராய் 1931-ல் ஜனித்த அப்துல் கலாமை ராக்கெட் நிபுணரென்றும், 2002-ல் ஜனாதிபதியானவரென்றும் தேசம் அறியும். அவருக்குப் பேரானந்தம் அளித்ததோ வேறொன்று. ஹைதராபாத் நிஜாம் வைத்திய ஸ்தாபனத்தில், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சிறார்கள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலிபரைப் பூட்டிக்கொண்டு காலை இழுத்து நடந்ததை அவர் கண்டார். 1989-ல் பறந்த அக்னி ஏவுகணைக்கென ஆக்கிய இலேசான கரிநார்ப் பொருளைக் கொண்டு மூன்றே வாரங்களில் 300 கிராம் காலிபர் தயாராயிற்று. பெற்றோர் கண்ணீர் உகுத்தனர்.

2015-ல் அவர் காலமானார். பேய்க்கரும்பில் மணிமண்டபமும் எழுந்தது, நன்றே. ஆனால் வளரும் பிள்ளைக்குக் காலிபரை மீண்டும் மீண்டும் அளவெடுத்து மாற்ற வேண்டும். பழுதும் பார்க்க வேண்டும். பாம்பன் மீனவர் குழந்தைக்கு அப்பணிமனை தாலுகாவிலேயே வேண்டாமா? சர்க்கார் பதில் சொல்லட்டும்.