இசைக்கு இரண்டு காது கொடுத்தவர்
ஆலன் பிளம்லைன் வாழ்க்கைக் கதை

லண்டன் நகரம். 1931-ம் ஆண்டு.

ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. கூட்டத்தில் ஒரு வாலிபரும், அவருக்கு மனைவியாக வரவிருந்த டோரீன் என்ற பெண்ணும் உட்கார்ந்திருந்தனர்.

நடிகர் திரையில் எந்தப் பக்கம் போனாலும், குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது. வாலிபருக்கு இது பிடிக்கவில்லை. கண் தெரியாத ஒருவர் இந்தப் படத்துக்கு வந்தால், நடிகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எப்படி அறிவார் என்று கேட்டார். குரலையும் ஆளோடு கூடவே நடக்க வைக்கத் தம்மிடம் ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த வாலிபர்தான் ஆலன் பிளம்லைன். இன்று வீடுகளில் ஒலிக்கும் ஸ்டீரியோ இசைக்கு வழி காட்டியவர்.

படிக்க வராத பையன்

பிளம்லைன் 1903-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லண்டனில் பிறந்தார். 7 வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுது பார்த்தார். பிறகு, மின்சார என்ஜினீயர் என்று கையெழுத்துப் போட்டு, தந்தையிடமே கூலிக்குப் பில் நீட்டினாராம்!

ஆனால் 12 வயது வரை அவருக்குச் சரளமாகப் படிக்க வரவில்லை. கணக்கு மட்டும் நன்றாக வந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. கல்லூரியில் சேர்ந்து, மின்சார என்ஜினீயரிங் படிப்பில் முதல் வகுப்பில் தேறினார்.

1929-ம் ஆண்டு கொலம்பியா கிராபோபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இசைத்தட்டில் ஒலியைப் பதியும் புதிய கருவி ஒன்றை அங்கே செய்து கொடுத்தார். 1931-ல் அந்தக் கம்பெனி வேறொரு கம்பெனியுடன் இணைந்து இ.எம்.ஐ. ஆயிற்று.

ஒரு கோடு, இரண்டு ஒலி

வலது பக்கத்தில் நாய் குரைத்தால், அந்த ஓசை வலது காதுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். இடது காதுக்குக் கொஞ்சம் பின்னால் வரும். இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்தே நாம் திசையை அறிகிறோம்.

ஆகவே ஒலியை இரண்டாகப் பதிவு செய்து, இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்ய வேண்டும். இசைத்தட்டில் இருப்பதோ ஒரே கோடு! அந்தக் கோட்டின் ஒரு சுவரில் இடது ஒலியையும், மறு சுவரில் வலது ஒலியையும் பதிக்கலாம் என்று பிளம்லைன் கண்டுபிடித்தார். 1931-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார்.

1934-ல் லண்டன் அபே ரோடு நிலையத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய இசைக் குழுவின் வாசிப்பை இந்த முறையில் பதிவு செய்தார்கள். ஆனால் தட்டு கடைக்கு வரவில்லை. பிளம்லைன் டெலிவிஷன் வேலையில் இறங்கினார். பிறகு போர் மூண்டது.

வானில் வந்த முடிவு

இருட்டிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலத்தைக் காட்டும் ரேடார் கருவியை உருவாக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். 1942-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, அதைச் சோதிக்க விமானத்தில் சென்றார். வழியில் என்ஜின் தீப்பிடித்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 11 பேரும் மாண்டனர். என்ஜினில் ஒரு சிறிய நட்டு சரியாக முடுக்கப்படாததே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

அப்போது அவருக்கு வயது 38. மனைவியும் இரண்டு ஆண் குழந்தைகளும் தவித்தனர். போர் ரகசியம் என்பதால், அவர் இறந்த செய்திகூட அப்போது வெளியே வரவில்லை.

1958-ல்தான் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தன. பிளம்லைன் சொன்ன அதே முறை! அதைக் கேட்க அவர் இல்லை. 2017-ம் ஆண்டு அவருக்குக் கிராமி விருது அளிக்கப்பட்டது.

வீட்டில் சோதித்துப் பாருங்கள்

இன்று பல வீடுகளில் ஆம்ப்ளிபையரும், இரண்டு ஒலிபெருக்கிகளும், சப்வூபர் என்ற பெரிய பெட்டியும் இருக்கின்றன. அடித்தொண்டை ஓசை போன்ற மிகத் தாழ்ந்த ஒலியின் திசை காதுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே சப்வூபர் ஒன்றே போதும். அதைத் தனிக் கம்பி மூலம், ஆம்ப்ளிபையரின் பின்புறம் சப்வூபருக்கென்று உள்ள துளையில் இணைக்கலாம்.

மற்ற இரண்டு பெட்டிகளில்தான் கவனம் வேண்டும். இடது கம்பி இடப்பக்கம், வலது கம்பி வலப்பக்கம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மட்டும் கம்பி மாறினால் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

இணைத்த பிறகு, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சற்று விலகி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டைக் கேளுங்கள். பெட்டியே இல்லாத நடு இடத்திலிருந்து பாடகர் பாடுவார்.

அன்று கொட்டகையில் பிளம்லைன் கேட்ட கேள்விக்கு அதுவே விடை.