இறந்து 31 வருஷம் கழித்து வந்த 'புதுப் பாட்டு'... மகாராஷ்டிரா பள்ளியில் பியானோ கற்ற ஃபிரெடி மெர்க்குரியின் கதை!

2022 அக்டோபரில் இங்கிலாந்தின் குயின் இசைக்குழு ஒரு புதுப் பாட்டை வெளியிட்டது. பெயர் 'ஃபேஸ் இட் அலோன்'. பாடியவர் ஃபிரெடி மெர்க்குரி. ஆனால் அவர் இறந்து அப்போது கிட்டத்தட்ட 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏ.ஐ. வைத்து உருவாக்கிய குரலா? இல்லைங்க. அது அவரே பாடிய அசல் குரல். 1988 வாக்கில் ஸ்டுடியோவில் பதிவாகி, டேப்பிலேயே கிடந்தது.

பழைய ராக் இசை ரசிகர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கச்சேரிகள் நின்று பல வருஷம் ஆகியும் ஆல்பங்கள் மட்டும் மறுபடி மறுபடி வெளியாகும். ஃபிரெடி விஷயத்தில் இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. தனக்கு நாள் குறைவு என்று தெரிந்தபின், மேடையை விட்டுவிட்டு மைக் முன்னால் நின்று அவர் சேர்த்து வைத்த குரல் அது. யார் இந்த ஃபிரெடி? இந்தியாவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபரூக் புல்சாரா என்ற பார்சி பையன்

ஃபிரெடியின் நிஜப் பெயர் ஃபரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் பிறந்தார். பெற்றோர் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். 'புல்சாரா' என்பதே குஜராத்தின் வல்சாட் ஊரிலிருந்து வந்த பெயர்தான். அந்த ஊருக்குப் பழைய பெயர் புல்சார். அப்பா பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர்.

எட்டு வயதில் பையனைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். மகாராஷ்டிராவில் மலைமேல் இருக்கும் பஞ்சகனி என்ற ஊரில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி, விடுதி வாழ்க்கை. நம்ம ஊர் ஊட்டி, கொடைக்கானல் விடுதிப் பள்ளிகள் மாதிரிதான். லீவு விட்டால் பம்பாயில் உறவினர் வீடு.

பையனின் இசை ஆர்வத்தை முதலில் கவனித்தவர் பள்ளியின் தலைமை ஆசிரியர். கூடுதலாகக் கொஞ்சம் பணம் கட்டினால் பியானோ சொல்லித் தரலாம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பெற்றோரும் சம்மதித்தார்கள். 12 வயதில் பள்ளி நண்பர்களோடு சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழுவே ஆரம்பித்துவிட்டார். அதில் அவர் பாடகர் இல்லை, பியானோ வாசிப்பவர்! 'ஃபிரெடி' என்ற பெயரும் பள்ளி நாட்களில் ஒட்டிக்கொண்டதுதான்.

1963இல் சான்சிபார் திரும்பினார். அடுத்த வருஷமே அங்கே புரட்சி வெடித்தது. உயிர் தப்பினால் போதும் என்று குடும்பம் லண்டன் பக்கத்து ஃபெல்தமுக்கு ஓடியது. அப்போது ஃபிரெடிக்கு 17 வயது.

மூட்டை தூக்கியவர் 'குயின்' ஆன கதை

லண்டனில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து கிராஃபிக் டிசைன் படித்தார். செலவுக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலையும் பார்த்தார். கென்சிங்டன் மார்க்கெட்டில் டிரம்மர் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய துணிக்கடை போட்டார்.

1970இல் ரோஜர் டெய்லர், கிதார் கலைஞர் பிரையன் மே இருவரோடும் சேர்ந்து புதுக்குழு உருவானது. 'குயின்' என்று பெயர் வைத்தவர் ஃபிரெடி. குழுவின் சின்னத்தை வரைந்ததும் அவரே. நான்கு பேரின் ராசிகளையும் அதில் சேர்த்திருந்தார். சிம்ம ராசிக்கு இரண்டு சிங்கம், கடக ராசிக்கு நண்டு, கன்னி ராசிக்கு இரண்டு தேவதைகள். நான்காவது ஆளான ஜான் டீக்கன் 1971இல் சேர்ந்தார். புல்சாரா என்ற பெயர் போய் மெர்க்குரி என்ற பெயர் வந்ததும் இந்த காலத்தில்தான். அதன்பின் பஞ்சகனி பற்றியோ தன் பார்சிக் குடும்பம் பற்றியோ அவர் வெளியில் அதிகம் பேசவில்லை.

முதல் ஆல்பம் 1973இல் வந்தது. ஸ்டுடியோ காலியாக இருக்கும் நேரங்களில் மட்டும் உள்ளே போய்ப் பதிவு செய்த ஆல்பம் அது. அதன் ஒலி, குறிப்பாக டிரம்ஸ் ஒலி, குழுவுக்கே திருப்தி தரவில்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

5 நிமிடம் 55 விநாடி

1975இல் வந்த ஆல்பம் 'எ நைட் அட் தி ஓபரா'. அதில் ஃபிரெடி எழுதிய பாட்டு 'பொஹீமியன் ராப்சடி'. நீளம் 5 நிமிடம் 55 விநாடி. ரேடியோவில் 3 நிமிடப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இவ்வளவு நீளப் பாட்டை யார் ஒலிபரப்புவார்கள் என்று ரெக்கார்ட் கம்பெனி தயங்கியது. பாட்டை வெட்டக் குழு சம்மதிக்கவில்லை. லண்டன் கேபிடல் ரேடியோவின் கென்னி எவரெட் இரண்டே நாளில் 14 முறை அதை ஒலிபரப்பினார். அப்புறம் நடந்தது வரலாறு. பிரிட்டனில் 9 வாரம் முதலிடம்.

பாட்டின் நடுவே ஒரு பெரிய கோரஸ் கூட்டமே பாடுவது போல இருக்கும். உண்மையில் பாடியது ஃபிரெடி, பிரையன், ரோஜர் மூன்று பேர் மட்டும்தான். ஒரே டேப்பில் குரல் மேல் குரலாக அடுக்கிக்கொண்டே போனார்கள். திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பே தேய்ந்துபோனது. அந்தக் கோரஸை அப்படியே மேடையில் பாட முடியாது. அதனால் கச்சேரிகளில் அந்தப் பகுதி வரும்போது குழு மேடையை விட்டு இறங்கிவிடும், டேப்பை ஓடவிடுவார்கள்.

ஆல்பத்துக்காகவே ஒரு இசை, மேடைக்காக வேறொரு இசை என்று குயின் பிரித்துப் பார்த்தது இப்படித்தான்.

உலகம் பார்த்த 21 நிமிடம்

தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் நின்று மேளம் கேட்பது ஒரு அனுபவம். அதே மேளத்தை வீட்டில் போனில் கேட்பது வேறு அனுபவம். கூட்டமும் சேர்ந்துதானே அங்கே மேளத்துக்குச் சூடு ஏற்றுகிறது! ஃபிரெடி இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். கூட்டத்தைப் பாட வைப்பதுதான் அவருடைய மேடை பாணி.

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 'லைவ் எய்ட்' கச்சேரி. சுமார் 72,000 பேர் கூடியிருந்தார்கள், பல நாடுகளில் நேரடி ஒளிபரப்பு. குயினுக்கு அப்போது பெயர் கொஞ்சம் கெட்டிருந்தது. முந்தைய ஆண்டு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் போய்க் கச்சேரி செய்ததற்காகக் கடும் கண்டனம் எழுந்திருந்தது.

வெம்ப்ளியில் குயினுக்குக் கிடைத்தது சுமார் 21 நிமிடம். நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். ஃபிரெடி ஒரு சுரத்தை இழுக்க, மொத்த மைதானமும் அதையே திருப்பிப் பாடியது. 'ரேடியோ காகா' பாட்டுக்கு 72,000 பேரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். அன்றைக்குப் பாடிய அத்தனை பெரிய நட்சத்திரங்களுக்கும் நடுவே பேசப்பட்டது குயின்தான்.

அடுத்த ஆண்டு, 1986 ஆகஸ்ட் 9. இங்கிலாந்தின் நெப்வொர்த் பார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் குயின் பாடியது. அதுதான் ஃபிரெடியோடு குயின் நடத்திய கடைசிக் கச்சேரி என்று அன்று யாருக்கும் தெரியாது. அவர் படித்து வளர்ந்த இந்தியாவில் குயின் கச்சேரி நடக்கவே இல்லை.

கச்சேரி நின்றது ஏன்?

1987இல் ஃபிரெடிக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்தது 1986இல்தான். நோயின் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் விலகி ஓடிய நேரம். இன்று போல நல்ல கூட்டு மருந்துகளும் கிடையாது. அவை பரவலாக வந்தது 1996 வாக்கில். இன்று நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஃபிரெடிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

விஷயத்தை நெருங்கியவர்களிடம் மட்டும் சொன்னார். வீட்டு வாசலில் பத்திரிகை போட்டோகிராபர்கள் காத்துக் கிடந்தார்கள். உடம்பு மெலிய மெலிய வதந்தியும் கூடியது.

இனி ஊர் ஊராகப் போய்ப் பாட உடம்பு இடம் கொடுக்காது. ஆனா ஸ்டுடியோவில் பாடலாம். மனுஷன் அதைத்தான் செய்தார். ஸ்பெயினின் ஓபரா பாடகி மொன்செராட் கபாயேவோடு சேர்ந்து 1988இல் 'பார்சிலோனா' ஆல்பம். 1989இல் குயினின் 'தி மிராக்கிள்'. 1991 பிப்ரவரியில் 'இன்னுவெண்டோ'. அதன்பிறகும் நிறுத்தவில்லை.

கடைசி வரி பாட முடியவில்லை

சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊரான மாண்ட்ரோவில் குயினுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. 1991இல் ஃபிரெடி கடைசியாகப் பாடியது அங்கேதான். நிற்கவே சிரமப்பட்ட நிலையில், முடிகிற நாட்களில் எல்லாம் வந்து பாடினார். இசை பின்னால் சேர்ந்துகொள்ளும், குரல் மட்டும் இப்போதே டேப்பில் இருக்கட்டும் என்பதுதான் திட்டம்.

கடைசியாகப் பாடியது 'மதர் லவ்'. ஒரு சரணம் மீதி இருந்தது. ஓய்வு எடுத்துவிட்டு வந்து பாடுவதாகப் போனவரால் அதை முடிக்க முடியவில்லை. அந்தச் சரணத்தை பின்னர் பிரையன் மே பாடினார்.

1991 நவம்பர் 23. தனக்கு எய்ட்ஸ் இருப்பதை ஃபிரெடி அறிக்கை மூலம் உலகுக்குச் சொன்னார். மறுநாளே லண்டன் வீட்டில் இறந்தார். வயது 45. வெளியில் அதிகம் பேசாத அந்தப் பார்சி அடையாளம் கடைசியில் திரும்ப வந்தது. ஜொராஸ்ட்ரிய குருமார்கள் இறுதிச் சடங்கு செய்தார்கள்.

மறுவெளியீடு: எல்லாம் ஒன்றா?

அவர் இறந்த அடுத்த மாதமே 'பொஹீமியன் ராப்சடி' மறுபடி வெளியானது. மீண்டும் பிரிட்டனில் முதலிடம், 16 வருஷ இடைவெளியில் இரண்டாவது முறை! வந்த வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. 1992 ஏப்ரல் 20இல் அதே வெம்ப்ளியில் நினைவுக் கச்சேரி நடந்தது. அதைத் தொடர்ந்து உருவான மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் இன்றும் எய்ட்ஸ் ஒழிப்புப் பணிகளுக்கு நிதி தருகிறது.

அன்றிலிருந்து மறுவெளியீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ரசிகர்கள் குழம்புவதும் இங்கேதான். ஒரு காலத்தில் நம்ம ஊர் கேசட் கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்துப் பதிவு செய்து வாங்குவோம். இசைத்தட்டில் கேட்ட அதே பாட்டு கேசட்டில் வேறு மாதிரி கேட்கும். மறுவெளியீட்டிலும் அந்த மாதிரி வகைகள் இருக்கின்றன.

* ரீமாஸ்டர்: பாட்டு அதேதான். ஒலியைச் சுத்தம் செய்து, அளவைச் சரிசெய்து தருவது. குயினின் பழைய ஆல்பங்கள் 2011இல் இப்படி வந்தன.

* ரீமிக்ஸ்: மூல டேப்பில் தனித்தனியாக இருக்கும் குரல், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கலப்பது. குழுவுக்கே ஒலி பிடிக்காத 1973இன் முதல் ஆல்பம் ஞாபகம் இருக்கிறதா? 51 வருஷம் கழித்து, 2024இல் அதை இப்படிச் சரிசெய்து 'குயின் I' என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

* பழைய குரல், புது இசை: 1995இல் வந்த 'மேட் இன் ஹெவன்' ஆல்பம். மாண்ட்ரோவில் விட்டுப்போன குரல்களுக்கு மற்ற மூவரும் இசை சேர்த்தார்கள். ஃபிரெடி 1985இல் தனியாகப் பாடிய சில பாடல்களும் புது இசையோடு இதில் உண்டு.

* டேப்பில் கிடந்தது: 'ஃபேஸ் இட் அலோன்' மாதிரி. அந்தக் காலத்தில் பதிவு செய்து, ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட பாட்டு.

கடைசி வகையில்தான் ஒரு கேள்வி வருகிறது. பாடியவரே ஒதுக்கி வைத்ததை, அவர் இல்லாத நேரத்தில் வெளியிடலாமா? 'மேட் இன் ஹெவன்' விஷயத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. தான் போன பிறகு முடிக்க வேண்டும் என்றே ஃபிரெடி விட்டுப்போனவை மாண்ட்ரோ பாடல்கள். 'ஃபேஸ் இட் அலோன்' அப்படி இல்லை. உயிரோடு இருந்தபோதே ஆல்பத்தில் இடம் பிடிக்காத பாட்டு அது. இரண்டிலும் குரல் ஒன்றுதான், ஆனா சம்மதம் ஒன்றில்லை. மறுவெளியீட்டுக்குக் காசு கொடுக்கும் ரசிகர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். 'மதர் லவ்' பாட்டை இயர்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கடைசிச் சரணத்தில் குரல் மாறுவது தெளிவாகத் தெரியும். ஃபிரெடி மாதிரியே பாட பிரையன் மே முயற்சி செய்யவில்லை, அந்த இடைவெளியை மறைக்கவும் இல்லை. அது முடிந்ததும் வெம்ப்ளி கூட்டத்தோடு ஃபிரெடி மாறி மாறிப் பாடிய சத்தம் சில விநாடிகள் வந்து போகும்.