கழிவிலே பொருள் கண்ட பிரபுல்ல சந்திரர்

வட்டவளையிலும் அட்டனைச் சூழ்ந்த ஏனைய தோட்டங்களிலும் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளிலே கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்திச் சலிக்கும்போது காம்பும் நாரும் ஒருபுறம் ஒதுக்கப்படுகின்றன. கழிவுத் தேயிலை என்பது அதன் பெயர். நல்ல தேயிலையோடு அதனைக் கலந்து விற்றல் குற்றமாகும். ஆயினும் அக்கழிவிலே மருந்துக்கு உதவும் கஃபீன் உண்டு. மண்ணுக்கு உரமாகும் தழைச்சத்தும் உண்டு. ஒரு தொழில் கழித்த பொருளே மற்றொரு தொழிலுக்கு முதற்பொருளாதல் கூடும் என்பதைத் தம் வீட்டு மொட்டைமாடியிலேயே மெய்ப்பித்துக் காட்டிய பேரறிஞர் ஒருவர் கல்கத்தாவிலே வாழ்ந்தார். அவரே ஆசாரியர் பிரபுல்ல சந்திர ரே.

வங்காளத்தின் குல்னாப் பகுதியைச் சேர்ந்த ராருலி என்னும் சிற்றூரிலே, 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலே பற்றிய வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பள்ளியினின்றும் பிரித்தது. அக்காலத்தை வீணே கழியவிடாது நூல்களில் ஆழ்ந்தார். நோய் வாழ்நாள் முழுதும் உடனிருந்தது. கல்வியும் அவ்வாறே உடனிருந்தது. 1882இல் உதவிச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்று, 1887இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியவருக்குத் தகுதிக்கேற்ற பதவி கிட்டவில்லை. உயர்தரக் கல்விச் சேவை பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்த காலம் அது. 1889இல் மாநிலக் கல்லூரியிலே மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் உதவிப் பேராசிரியரானார். பட்டம் பெற்ற இளைஞர் யாவரும் எழுதுவினைஞர் பதவிக்கு ஏங்கி நிற்பதையும், நாட்டின் மூலப்பொருள்கள் கப்பலேறிச் சென்று மருந்துகளாய்ப் பன்மடங்கு விலையில் மீள்வதையும் கண்டு அவர் உள்ளம் நொந்தது. நொந்ததோடு அமையாது, 1892இல் ஏறத்தாழ 700 ரூபாய் முதலோடு, மேல் சர்க்குலர் வீதியில் 91ஆம் இலக்கமுடைய தம் வீட்டிலேயே மருந்துத் தொழிலைத் தொடங்கினார்.

பழைய இரும்புத் துண்டுகளைக் கந்தகத் திராவகத்திற் கரைத்து அன்னபேதி செய்தார். பின்னர் அவர் கண் இறைச்சிக்கடைகளில் எறியப்படும் மாட்டெலும்பின்மேற் சென்றது. மருத்துவர் வேண்டிய சோடியம் பொசுபேற்றை அதிலிருந்து ஆக்கலாம் என்பதை அவர் அறிவார். மூட்டை மூட்டையாக எலும்பை வாங்கி மாடியிலே உலர்த்தினார். மழை பிடித்துக்கொண்டது. ஒட்டியிருந்த ஊன் அழுகி நாறிற்று; புழுக்கள் நெளிந்தன; காகங்கள் எலும்புகளைக் கவ்விச்சென்று அயல்வீடுகளிற் போட்டன. ஆசாரம் மிக்க அயலார் கொதித்தெழுந்தனர். எனவே எலும்புகளை மாணிக்தலாவுக்கு அகற்றி, ஆங்கே இரவிலே எரித்தார். நெருப்பைக் கண்ட காவலரோ, கொலையுண்ட எவருடைய உடலையோ மறைவாக எரிக்கின்றனர் என ஐயுற்றனராம்!

எரிந்த எலும்பில் எஞ்சுவது வெண்சாம்பல். அதனைக் கந்தகத் திராவகத்தோடு சேர்க்க, சுண்ணாம்பு உறைகல்லாய்ப் பிரிந்து வண்டலாய்ப் படியும். தெளிந்த கரைசலிற் சோடா உப்பு இட்டு வற்றவைக்க, பொசுபேற்று பளிங்கு பளிங்காய் உறையும். தீண்டத்தகாததென ஊரார் ஒதுக்கிய பொருள், நோயாளரின் மருந்துக்குப்பியில் ஏறிற்று.

மருந்து செய்தல் எளிது. உள்நாட்டு மருந்தை மக்கள் நம்பி வாங்குதல் அரிது. வைத்திய நண்பர் அமூல்ய சரண் போஸ், தம் தொழில்முறைத் தோழரிடமெல்லாம் சென்று அம்மருந்துகளைப் பரப்பினார். 1898இல் பிளேக்கு நோயாளி ஒருவருக்குச் சிகிச்சையளித்து, அந்நோயாலேயே அவர் மாண்டார். பேரிழப்பு நேர்ந்தும் பிரபுல்லர் தளரவில்லை. 1901இல் வங்காள இரசாயன மருந்துத் தொழிலகம் வரையறுத்த கம்பனியாயிற்று. பின்னர் மாணிக்தலாவிற் கந்தகத் திராவகத்தையும் தானே ஆக்கலாயிற்று. 1980இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அந்நிறுவனம் இன்றும் நிலவுகின்றது.

தொழிலிடையே ஆய்வும் ஓயவில்லை. இரசநைத்திரைற்றுப் பற்றிய அவர் ஆய்வு 1896இல் வெளிவந்தது; இந்து இரசாயன வரலாற்றின் முதற்பாகம் 1902இல் வெளிவந்தது. மணம்புரியாது, விஞ்ஞானக் கல்லூரியின் ஓர் அறையிலேயே எளிமையாய் வாழ்ந்தார். அறுபது வயது நிறைந்த 1921 முதல் 1936 வரை பெற்ற சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே ஈந்தார். 1922இல் வடவங்காளத்தை வெள்ளம் அழித்தபோது நிதிதிரட்டித் துயர்துடைத்தார். 1944ஆம் ஆண்டு யூன் 16ஆம் நாள், அதே அறையிலே அவர் ஆவி பிரிந்தது.

அவர் எலும்பு உலர்த்திய மாடியிலே விலையுயர்ந்த கருவி எதுவும் இருந்ததில்லை. திராவகத்தின் இயல்பை அறிந்த அறிவும், அயலாரின் ஏளனத்தைப் பொறுத்த நெஞ்சுமே இருந்தன. தேயிலைக் கழிவு நாளும் குவியும் மலைநாட்டிலே இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர், நூலைத் திறக்குமுன் ஒரு பிடி காம்பையும் நாரையும் மாணவர்முன் வைத்து, இதில் யாது உளது எனக் கேட்பாராக. அவ்வினாவுக்கு விடைதேடும் மாணவன், பிரபுல்லர் சென்ற வழியில் முதலடி வைத்தவனாவான்.