சக்கர நாற்காலியில் எழுந்து நின்றவர்: டாக்டர் மேரி வர்கீஸ்



ஒர்க்‌ஷாப்பில் நமக்கு முதலில் சொல்லித் தருவது என்ன? எதை அளக்கப் போகிறோமோ அதற்குத் தகுந்த கருவியை எடு என்பதுதான். கருவி தப்பானால் நல்ல ஜாப் கூட ரிஜெக்ட் ஆகிவிடும். மனுஷனுக்கும் இது பொருந்தும் என்று வாழ்ந்து காட்டிய ஒரு டாக்டரம்மாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் வாழ்ந்தது வெகு தூரத்தில் இல்லை, நம்ம பக்கத்து ஊரான வேலூரில்தான்.

மேரி வர்கீஸ் 1925-ல் கேரளத்தில், கொச்சியை அடுத்த செராயியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். மகளிர் மருத்துவத்தில் பெயர் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1954-ல் இளம் டாக்டர்கள் சிலர் ஒன்றாக வண்டியில் வெளியூர் கிளம்பினார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பெரிய காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத் தண்டில். இடுப்புக்குக் கீழே அசைவும் போச்சு, உணர்ச்சியும் போச்சு. முப்பது வயதுகூட அப்போது ஆகவில்லை.

தண்டுவடம் அறுந்தால் மறுபடி ஒட்டாது. அதற்காகப் படுத்தே கிடந்தால் மிச்சம் இருப்பதும் கெட்டுப்போகும். படுக்கைப்புண் வரும், மூட்டு இறுகும், தோளில் பலம் குறையும். ஆகவே கால் செய்த வேலையைக் கையும் தோளும் ஏற்க வேண்டும். மேரி அப்படித்தான் தொடங்கினார். முதலில் உட்காரப் பழக்கம், பிறகு கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழக்கம். தினமும் வலி, தினமும் பயிற்சி.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்ற பெரிய சர்ஜன் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, நன்றாக இருக்கும் வேறொரு தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, மறுபடி அசைய வைத்தவர். கைக்குச் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். அந்த வேலைக்கு மேரியை அவர் ஊக்கப்படுத்தினார். தன் காலில் நிற்க முடியாதவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி பிறர் கைகளைச் சரி செய்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்த் தானே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அடுத்து நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் அதே துறையைப் படித்தார். ரஸ்க், இரண்டாம் உலகப்போரில் அடிபட்ட வீரர்களைச் சும்மா படுக்க விடாமல் பயிற்சி கொடுத்துத் தேற்றியவர்.

1963-ல் வேலூரில் இந்தத் துறையின் பொறுப்பை மேரி ஏற்றார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் பாகாயத்தில் உருவானது. நம் நாட்டில் இப்படி ஒன்று வந்தது அதுதான் முதல். 1972-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-ல் காலமானார்.

இந்தத் துறையில் வெற்றியை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பழையபடி ஆனானா என்று கேட்பதில்லை. தானே குளிக்கிறானா, தானே துணி மாற்றுகிறானா, நாற்காலிக்குத் தானே மாறுகிறானா, ஒரு வேலை பார்க்கிறானா என்றுதான் கேட்கிறார்கள். மேரி கடைசிவரை பழையபடி நடக்கவில்லை. பழைய அளவுகோலை வைத்தால் அவர் ஃபெயில்!

இதை நான் எழுதக் காரணம் எங்க அப்பா. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெய்தவர். படியில் விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியும் முழங்கால் மடங்கவில்லை. தினமும் பயிற்சி செய்வார். நான் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த புரொட்ராக்டரை வைத்து அளந்து, லேப் ரெக்கார்டு மாதிரி நோட்டில் எழுதுவேன். 50 டிகிரி, 65, 80. அதற்கு மேல் ஏறவே இல்லை. குழியில் இறங்கி மிதி மிதிக்க முடியவில்லை. எல்லாம் வீண் என்று அப்பா பயிற்சியையே நிறுத்திவிட்டார். வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை.

மேரி அம்மாவைப் பற்றி லைப்ரரியில் படித்த அன்றைக்கு நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். தானே குளித்தாரா, மாடிப்படி எத்தனை ஏறினார், டீக்கடை வரை போனாரா என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து அப்பாவே நோட்டை வாங்கிப் பார்த்தார். மறுநாள் காலையில் பயிற்சி மறுபடி ஆரம்பம்.

இப்போதும் அவர் தறியில் இறங்குவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். அண்ணன் நெய்யும் புடவையில் ஜரிகை ஒரு இழை தப்பினாலும் அங்கிருந்தே குரல் கொடுக்கிறார். முழங்கால் இன்னும் அதே 80 டிகிரிதான்.

நண்பர்களே, நாளைக்கு நாம் கட்டப்போகும் கட்டடங்களுக்கு இப்படிப்பட்டவர்களும் வருவார்கள். சிவில் நண்பர்கள் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டுச் சாய்தளம் போடுங்கள். மெக்கானிக்கல்காரர்களுக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது. மேரி அம்மாவுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவாக இருக்கட்டும்.