மிருதங்க ரகசியம் கண்ட கணக்கதிகாரி

காலையில் பஸ் பிடித்து ஆபீஸ் போய், பைல்களோடு மல்லாடிவிட்டு, இருட்டிய பின் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் அன்பர்கள் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. பிள்ளைப் பிராயத்தில் கற்ற பாட்டோ வயலினோ உத்தியோகத்தோடு போய்விட்டதே என்பதுதான் அது. அவர்கள் அறிய வேண்டிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. அவரும் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்தான். சர்க்கார் கணக்குத் துறையில் 10 ஆண்டுகள் உழைத்தவர்தான். அவரே சர் சி. வி. ராமன்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ந் தேதி பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் போதித்தவர்; வயலின் வாசிப்பதில் பிரியமுள்ளவர். மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். ராமனுக்கு நிகர் யார் என்று பொருள்படும் தியாகராஜ கீர்த்தனையை அவர் வீணையில் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ராமன் அவரை முதன்முதலில் கண்டார் என்று ஒரு கதை சொல்வதுண்டு.

டிராமில் கண்ட பலகை

1907-ல் எம்.ஏ. முடித்து, நிதித் துறைப் பரீட்சையில் தேறி, 18 வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக அமர்ந்தார். ஒரு நாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அன்று முதல் அவருக்கு இரண்டு உத்தியோகங்கள். விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் ஆபீஸ், மாலையில் மறுபடி ஆய்வுக்கூடம். நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. ஆராய்ச்சி நிற்கவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் நாதம். ஐன்ஸ்டீன் வயலின் வாசித்தார். சத்யேந்திரநாத் போஸ் எஸ்ராஜ் வாசித்தார். அவர்களுக்குச் சங்கீதம் மனத்துக்கு இளைப்பாறுதல். ராமனோ சங்கீதத்தையே ஆய்வு மேஜைக்குக் கொண்டு வந்தார். பிச்சைக்காரர் கையில் இருக்கும் ஏக்தாராவைக்கூட விடாமல், 1909-லேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு வயலினின் முறை வந்தது. வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினை முன்னும் பின்னும் ஓடவிடும் இயந்திரம் ஒன்றைச் செய்து, வில்லின் அழுத்தமும் வேகமும் நாதத்தை எப்படி மாற்றுகின்றன என்று அளந்தார்.

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் ஏறக்குறையப் பாதி. குடும்பம் உள்ள எவரும் தயங்கும் இடம் இது. ராமன் சர்க்கார் உத்தியோகத்தை உதறினார்.

கரணையின் மகிமை

தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போவதில்லை. அடிப்படைச் சுருதியை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14 என்று இசைகேடாகவே வரும். ஆகவே கொட்டு வாத்தியம் தாளத்துக்கு உதவுமே தவிர, சுருதி பேசாது என்பது மேனாட்டு விஞ்ஞானிகளின் முடிவு. நம் மிருதங்கமோ சுருதி பேசுகிறது. ஏன்?

1920-ல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து ராமன் விடை எழுதினார். 1934-ல் பெங்களூரிலிருந்து அதை விரிவாக்கினார். வலந்தலையின் நடுவே, கறுப்புக் கல்லின் பொடியைச் சோற்றோடு குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து வைக்கும் கரணையில்தான் சூட்சுமம் இருந்தது. தோல்மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். மணல் ஒதுங்கிய கோடுகள் தோல் அதிரும் விதத்தைக் காட்டின. நடுவில் ஏறிய பாரத்தால் 9 வகை அதிர்வுகள் 5 சுருதிகளாகச் சேர்ந்து 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்காக நின்றன. வீணையிலும் தம்பூராவிலும் வளைந்த குதிரையே நாதத்தைச் செழிக்கச் செய்கிறது என்பதை 1921-ல் விளக்கியிருந்தார்.

இந்தப் பெருமையை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத பழங்காலத் தொழிலாளியின் காதும் கையும் கண்டதையே தாம் கணக்காகச் சொன்னதாகக் கருதினார். பௌதிகத்தில் நோபல் பரிசு 1930-ல் கிடைத்தது ஒளி ஆராய்ச்சிக்காக. ஆனால் அதற்கு முன்பே உலகம் அவரை அறிந்திருந்ததில் நாதத்துக்கும் பங்கு உண்டு. ஜெர்மானியர் வெளியிட்ட பௌதிகப் பெருந்தொகுப்புக்கு 1927-ல் இசைக் கருவிகள் பற்றி எழுதிக் கொடுத்தவர் அவரே.

1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

நம் லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். கச்சேரிக்கு அழைத்துப் போகும்போது மிருதங்கத்தின் கரணையைக் காட்டுங்கள். அப்படியே, பரண்மேல் கிடக்கும் நம் வயலினையும் இறக்கித் தூசி தட்டலாம். ஆபீசுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் பொழுது நமக்கும் இருக்கத்தான் செய்கிறது.