ஸர் ரொனால்டு ராஸ்: கொசுவை ஆராய்ந்த வைத்தியர்

பகைவன் இன்னான் என்று அறியாது போர் புரிபவன் வெற்றி பெறுதல் அரிது. மலேரியா என்னும் முறைக்காய்ச்சலோடு மனிதகுலம் நடத்திய போர் பன்னூறு ஆண்டுகளாக இவ்வாறே நிகழ்ந்துவந்தது. சதுப்பு நிலங்களினின்று எழும் கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று கற்றோரும் கல்லாதாரும் ஒருங்கே நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் தீய காற்று என்பதுதான் பொருள். காற்றுக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்தவர்கள், வீட்டு முற்றத்துத் தொட்டியில் நெளிந்த சிறு புழுக்களைப் பொருட்படுத்தினாரில்லை. அவ்வறியாமையை அகற்றியவருள் தலைசிறந்தவர் ஸர் ரொனால்டு ராஸ். அவர் நம் நாட்டிலே பிறந்து, நம் நாட்டிலேயே தம் பெருஞ்செயலை முடித்தவராதலின், அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்திருத்தல் தகும்.

1857ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் மீரத் நகரில் சிப்பாய்களின் கிளர்ச்சி மூண்டது. அதற்கு மூன்று நாட்களுக்குப் பின், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில், பிரிட்டிஷ் படை அதிகாரி ஒருவரின் தலைமகனாக ராஸ் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்தோர் ஒன்பதின்மர். எட்டாம் வயதில் அவர் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியத்திலும் இசையிலும் கவிதையிலும் கணிதத்திலும் அவருடைய உள்ளம் ஈடுபட்டது. வைத்தியத்தில் மட்டும் ஈடுபடவில்லை. ஆயினும் தந்தையார் மகனை வைத்தியராக்கத் துணிந்து, 1874இல் லண்டனிலுள்ள புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் சேர்த்தார். விருப்பமின்றிப் பயின்ற மாணவருக்கு நேர்வது ராஸுக்கும் நேர்ந்தது. 1879இல் எழுதிய பரீட்சைகளுள் ஒன்றில் அவர் தவறினார். சில காலம் கப்பல் வைத்தியராக இருந்து, பிறகு மீண்டும் எழுதித் தேறி, 1881இல் இந்திய வைத்திய இலாகாவில் அமர்ந்து, சென்னை மாகாணப் பணிக்கு வந்தார். பரீட்சையில் ஒருமுறை தவறியதனால் வாழ்க்கையே தவறிவிட்டதெனக் கலங்கும் மாணவ நண்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

பணியேற்ற முதற்பத்தாண்டுகளில் அவர் ஆராய்ச்சியாளராக விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. ஓய்வு நேரத்தில் கவிதையும் நாவலும் எழுதினார்; கணித நூல்களைக் கற்றார். எனினும் 1883இல் பெங்களூரில் அவர் வாழ்ந்த விடுதியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று குறிக்கத்தக்கது. அவ்விடுதியில் கொசுக்களின் தொல்லை மிகுந்திருந்தது. காரணம் யாதென்று தேடியபொழுது, அருகிலிருந்த நீர்த்தொட்டியில் கொசுப் புழுக்கள் நிறைந்திருக்கக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்ததும் தொல்லை குறைந்தது. கொசு மலேரியாவைப் பரப்புகின்றது என்பதை அந்நாளில் அவர் அறியார். ஆயினும் பிற்காலத்தில் உலகுக்கு அவர் ஓயாது போதித்த மருந்து அன்றே அவர் கையில் இருந்தது.

பிரெஞ்சுப் படை வைத்தியராகிய லவரான், 1880இல் அல்ஜீரியாவில், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒரு நுண்ணிய கிருமியைக் கண்டார். ராஸ் அதனை நெடுநாள் நம்பவில்லை. 1894இல் அவர் விடுமுறையில் லண்டன் சென்றபொழுது, பாட்ரிக் மான்ஸன் என்னும் வைத்தியர் அக்கிருமியைப் பூதக்கண்ணாடியின் மூலம் அவருக்குக் காட்டினார். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் சீன நாட்டில் கண்டறிந்தவர் மான்ஸன். மலேரியாக் கிருமியும் கொசுவின் உடலில் வளரலாம் என்பது அவருடைய ஊகம். ஆனால் கொசு நீரில் விழுந்து மடிய, அந்நீரைப் பருகுவோர் நோயுறுவர் என்று அவர் எண்ணினார், அது பிழை. பாதி மெய்யும் பாதி பிழையுமான இவ்வூகத்தைத் துணையாகக் கொண்டு, 1895இல் ராஸ் இந்தியா திரும்பினார்.

செகந்தராபாத்தில் ஆராய்ச்சி தொடங்கிற்று. புழுப் பருவத்திலிருந்து கொசுக்களை வளர்த்து, அவற்றை மலேரியா நோயாளிகளைக் கடிக்கவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக அறுத்துச் சோதித்தார். ஹுஸேன் கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு தம் உடலைக் கடிக்கக் கொடுத்தார். இரண்டாண்டுகளாகப் பயன் ஒன்றும் விளையவில்லை. அவர் சோதித்த கொசுக்கள் மலேரியாவைச் சுமக்கும் இனத்தைச் சார்ந்தவையல்ல என்பதே அதற்குக் காரணம். இடையில் காலரா நோயைத் தடுக்கும் பணிக்குப் பெங்களூர் செல்ல நேர்ந்தது. 1897இல் நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்த சீகூர்ப் பள்ளத்தாக்கில் ஆராயச் சென்றவர், தாமே மலேரியாவால் பீடிக்கப்பட்டார்.

நலமடைந்து செகந்தராபாத்துக்கு மீண்டவர், அவ்வாண்டின் கோடை வெப்பத்தில் நாள்தோறும் பல மணிநேரம் பூதக்கண்ணாடியின்மேல் குனிந்திருந்தார். நெற்றியிலும் கைகளிலும் வழிந்த வியர்வையால் அக்கருவியின் திருகுகள் துருப்பிடித்தன. கண்வைத்துப் பார்க்கும் வில்லையும் வெடித்துப்போயிற்று. அறுத்த கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்கா இழுக்கவும் அவர் இடங்கொடுக்கவில்லை. கல்லூரிச் சோதனைச் சாலையில் அரைமணி நேரம் குனிந்தாலே கழுத்து நோகின்றதென்று குறைகூறும் நாம், இக்காட்சியைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நலம்.

ஆகஸ்டு மாத நடுவில், இறகுகளில் புள்ளிகளையுடைய வேறோரினக் கொசுக்கள் சில அவருக்குக் கிட்டின. இக்காலத்தில் அனாபிலிஸ் என்று நாம் வழங்குவது இவ்வினமே. 16ஆம் நாள் அவை ஹுஸேன் கானைக் கடித்தன. 20ஆம் நாள், எஞ்சியிருந்த மிகச் சிலவற்றுள் ஒன்றை ராஸ் அறுத்தார். அதன் இரைப்பைச் சுவரில் வட்டமான உயிரணுக்கள் தென்பட்டன. அவற்றினுள்ளே கருந்துகள்கள் காணப்பட்டன. நோயாளியின் இரத்தத்திலுள்ள மலேரியாக் கிருமியில் காணும் துகள்களும் அத்தகையனவே. கொசுவின் உடலில் இயல்பாக அவை இருத்தற்கில்லை. மறுநாள் வேறொரு கொசுவில் அவ்வணுக்கள் இன்னும் பருத்திருந்தன. கிருமி கொசுவினுள் உயிரோடு வளர்கின்றது என்பது இவ்வாறு புலனாயிற்று.

ஆராய்ச்சியை நிறைவேற்ற வேண்டிய அத்தருணத்தில் அவருக்குப் பணி மாற்ற உத்தரவு வந்தது. மலேரியா மிகுதியாக இல்லாத இராஜபுதனத்துக் கேர்வாராவில் அவர் சில மாதங்கள் காத்திருந்தார். மான்ஸன் முதலியோரின் முயற்சியால், 1898இன் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தக்க மனித நோயாளிகள் கிடைத்தல் அரிதாகவே, பறவைகளின் மலேரியாவை ஆராயத் தலைப்பட்டார். கொசுக்களைத் தேடித் திரட்டுவதில் முகம்மது பக்ஷ் என்பவர் அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், கிருமிகள் இரைப்பையினின்று வெளிப்பட்டுக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர்தலை ராஸ் கண்டார். அத்தகைய கொசுக்களைக் கடிக்கவிட்டபொழுது, நோயற்ற சிட்டுக்குருவிகள் நோயுற்றன. நோய் பரவுவது நீரைப் பருகுதலால் அன்று, கொசுவின் கடியால் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், மனிதருக்கு மலேரியாவைக் கொணர்வது அனாபிலிஸ் கொசுவே என்பதை இத்தாலிய அறிஞர் கிராஸியும் அவருடைய தோழரும் மெய்ப்பித்தனர்.

1902இல் ராஸுக்கு நோபெல் பரிசு கிட்டியது. 1911இல் ஸர் பட்டம் பெற்றார். பெரியோர்க்கும் குறைகள் உண்டு. முதற்கண் கண்டவர் யார் என்னும் வழக்கில் ராஸும் கிராஸியும் ஒருவரையொருவர் கடுமையாகத் தூற்றினர். அக்கசப்பு ராஸின் உள்ளத்தைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை. பலர் கூடிக் கட்டிய கோபுரத்தின் கலசம் எவருடையது என்னும் பூசல் அது. அக்கோபுரத்துக்குத் தோள்கொடுத்த ஹுஸேன் கானுக்கும் முகம்மது பக்ஷுக்கும் பரிசளித்தார் எவருமில்லை. நாமேனும் அவர்களை மறவாதிருப்போம்.

ராஸின் வாழ்க்கையைச் சொல்வோர் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். ஆனால் அவருடைய கடினமான உழைப்பு இதன் பின்னரே தொடங்கிற்று என்பது நம் கருத்து. 1899இல் இந்தியப் பணியை விடுத்து லிவர்பூலில் ஆசிரியராக அமர்ந்த அவர், மேலை ஆப்பிரிக்கா, எகிப்து, மொரீஷியஸ் முதலிய நாடுகளுக்குச் சென்று, தேங்கிய நீரை வடித்துக் கொசுப் பெருக்கத்தைத் தடுக்குமாறு வற்புறுத்தினார். சூயஸ் கால்வாயின் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில் அவருடைய யோசனையை ஊக்கத்துடன் நிறைவேற்றினர். சில ஆண்டுகளில் அங்கே மலேரியா ஏறக்குறைய ஒழிந்தது. பிறவிடங்களில் செலவுக்கு அஞ்சியும் நம்பிக்கையின்றியும் காலங்கடத்தினர். இளமையில் பயின்ற கணிதம் அப்பொழுது அவருக்குக் கைகொடுத்தது. கொசுக்கள் அனைத்தையும் ஒழிக்கவேண்டுவதில்லை. அவற்றின் தொகையை ஓர் அளவிற்குக் கீழே குறைத்துவைத்தால் நோய் தானே தேய்ந்து மறையும் என்று கணக்கிட்டுக் காட்டினார். தொற்றுநோய்களைக் கணிதத்தால் ஆராயும் துறைக்கு அக்கணக்கு ஓர் அடிப்படையாயிற்று. 1932 செப்டம்பர் 16ஆம் நாள் லண்டனில் அவர் காலமானார்.

அவருடைய கணக்கின் மறுபக்கத்தை நம் நாட்டு வரலாறே காட்டிற்று. 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிட்டுள்ளனர். 1953இல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியது, டி.டி.டி. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. 1961இல் நோயுற்றோர் தொகை ஐம்பதினாயிரத்துக்குள் அடங்கிற்று. நோய் ஒழிந்ததென்று மக்கள் மகிழ்ந்தனர், விழிப்புத் தளர்ந்தது. மருந்துக்கு அஞ்சாத கொசுக்கள் பெருகின. 1976இல் நோயுற்றோர் தொகை 64 லட்சத்தைக் கடந்தது. பின்னர்த் தொடர்ந்து உழைத்ததன் பயனாக அது பெரிதும் குறைந்துள்ளது. எனினும் 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் மலேரியாவால் உயிரிழந்தனர். அவருட் பெரும்பாலார் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

ஆதலின் நாம் உணரவேண்டுவது இது. ஓர் உண்மையைக் காண்பதற்கு ஒருவருடைய மூன்றாண்டு உழைப்பு போதியதாயிற்று. அதனைக் காப்பதற்கோ ஒவ்வொரு தலைமுறையும் உழைத்தல் வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனம், காட்டுச் சதுப்பை நாடுவதில்லை. நம் கிணறுகளிலும் மேல்மாடித் தொட்டிகளிலும் உள்ள தெளிந்த நீரிலேயே முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய பத்து நாட்கள் செல்லும். வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்ப்பதும், தொட்டிக்கு மூடியிடுவதும் அச்சுழற்சியை அறுக்கும். இதற்குப் பட்டமும் வேண்டா, பூதக்கண்ணாடியும் வேண்டா. பெங்களூரில் இளம் வைத்தியர் ஒருவர் கவிழ்த்த தொட்டியை நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் நாம் கவிழ்ப்போமாக. அவருக்கு நாம் எடுக்கும் நினைவுச் சின்னம் அதுவே.